இரண்டு விரற்கடை

ஹானஸ் ப்ரிட்ஸின் பெரிய துப்பாக்கி நமூங்காவுக்கு இரண்டு விரற்கடை அதிக நீளம். இதை அவள் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சில வீடுகளில் கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருக்கிறது. ஆடுகிறவளைத் தவிர வேறு யாருக்கு அது தெரியப்போகிறது?

அது நானூற்று ஐம்பத்தெட்டு ரகம். அதன் தோட்டா நடுவிரல் நீளம், கட்டைவிரல் பருமன். யானைக்கும் காட்டெருமைக்கும் மட்டும்தான் அதை வெளியே எடுப்பார்கள். ஹானஸின் அப்பா தன் தோளுக்கு அளவெடுத்துச் செய்யவைத்த துப்பாக்கி அது. அந்த மனிதர் ஆறடிக்கு மேல் நாலு அங்குலம். நமூங்கா ஐந்தடி ஓர் அங்குலம், அதுவும் செருப்போடு.

ஸாம்பெஸி பள்ளத்தாக்கில், பிங்கா ஊருக்குக் கீழே, பதிமூன்று வருஷமாக ஹானஸின் வேட்டைக் குழுவுக்குத் தடம் பார்ப்பவள் அவள். காய்ந்த புல்லில் ஒரு தண்டு மடிந்திருந்தால், மடக்கியது காலையில் போன எருமையா, நேற்றுப் போன மானா என்று சொல்லிவிடுவாள். ஆனால் தடம் பார்ப்பவளுக்குத் துப்பாக்கி கிடையாது, முடிவெடுக்கும் உரிமையும் கிடையாது. இரண்டும் பின்னால் வருகிற லைசென்ஸ்காரருக்குத்தான். நாலு வருஷத்துக்கு முன்னால், காயம்பட்ட எருமை ஒன்று கண் நுழையாத அடர்ந்த ஜெஸ்ஸிப் புதருக்குள் நுழைந்தது. “இப்ப உள்ள போகாதீங்க, ஒரு மணி நேரம் விடுங்க” என்று அவள் சொன்னாள். அன்றைய வேட்டைக்காரர் கேட்கவில்லை. உள்ளே போனார்கள். அவளோடு தடம் பார்த்துக்கொண்டிருந்த சியாங்வாசிக்கு இப்போது ஒரு கால்தான். அன்றைக்குத்தான் நமூங்கா முடிவு செய்தாள்: சொல்லுக்கு மதிப்பு லைசென்ஸில்தான் இருக்கிறதென்றால், அந்த லைசென்ஸை வாங்கிவிடுவது.

ஏழாம் வகுப்போடு நின்றவள். எழுத்துத் தேர்வு நாலு தாள், எல்லாம் ஆங்கிலத்தில். இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டு தேறினாள். துப்பாக்கிகளைப் பற்றிய தாளில் எண்பத்தொன்பது மதிப்பெண். அப்புறம் களத்தேர்வு. அதில்தான் இரண்டு முறை கவிழ்ந்தாள், இரண்டு முறையும் ஒரே இடத்தில்.

முதல் குண்டை அவள் இரண்டு முறையும் சரியாகத்தான் சுட்டாள். சிக்கல் இரண்டாவதில். சுட்டதும் போல்ட் என்கிற இரும்புப் பிடியை மேலே தூக்கி, முழுசாகப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி மடக்க வேண்டும். முழுசாக இழுத்தால்தான் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும், புதுத் தோட்டா மேலே ஏறும். அரை விரல் குறைந்தாலும் போச்சு, வெற்றுக்கூடே திரும்ப உள்ளே போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் விசையை இழுத்தால் டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். தோளில் ஊன்றுகிற பின்கட்டை நீளமாக இருந்ததால் போல்ட்டைத் தொடுவதற்கே நமூங்காவின் கை முழுசாக நீண்டுவிடும். நீட்டிய கையில் இழுக்கிற வலு எங்கே இருக்கும்?

மூன்றாவது முறையும் தவறினால் நாலு தாளையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அது விதி.

“கட்டையில கொஞ்சம் அறுத்துக் குடுங்க ஐயா” என்று அவள் ஹானஸிடம் கேட்டிருக்கிறாள். ஒரு முறை இல்லை, பல முறை.

“என் அப்பா துப்பாக்கி, நமூங்கா. அதுல ரம்பம் வைக்கிறதும் அவர் காலை வெட்டுறதும் ஒண்ணுதான்.”

“அப்ப நான் என்ன பண்ண?”

“கையை நல்லா நீட்டிப் பழகு. பழகினா வரும்.”

கையை நீட்டிப் பழகலாம். எலும்பை நீட்டிப் பழகுவது எப்படி என்று அவர் சொல்லவில்லை. ஹானஸ் கெட்டவர் இல்லை. இவ்வளவு பெரிய துப்பாக்கியை ஒரு தடம் பார்ப்பவளுக்கு இரவல் கொடுத்ததே பெரிய மனசு என்று ஊரே சொன்னது. இரவல் கொடுத்தவர் பெரிய மனசுக்காரர் ஆகிவிட்டால், வாங்கினவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உலகம் முழுக்க அதுதானே வழக்கம்?

அவளும் வாயை மூடிக்கொண்டு பழகினாள். மருந்தில்லாத தோட்டாக்களைப் போட்டு, தினம் இருநூறு முறை போல்ட்டை இழுத்துத் தள்ளினாள். அவளுக்கு உதவியாகத் தடம் பார்க்கிற மிலிமோவுக்கு வாய் சும்மா இருக்காது.

“என்ன பினா லோரா, துப்பாக்கிக்குச் சளியா? காலையிலேர்ந்து தொண்டையைச் செருமிக்கிட்டே இருக்கு.”

லோராவின் அம்மா என்பதால் அவள் ஊருக்குப் பினா லோரா. “உனக்குத்தான் சளி புடிக்கும். போய்த் தண்ணி புடி” என்றாள், கையை நிறுத்தாமல்.

*

தேர்வு முகாம் மலைச்சரிவுக்குக் கீழே, காய்ந்த ஆற்றங்கரையில் போட்டிருந்தது. மொத்தம் நாலு பேர். மற்ற மூவரும் வேட்டை நிறுவனக்காரர்களின் பிள்ளைகள். பன்னிரண்டு வயதிலிருந்தே அவரவர் தோளுக்கு அளவெடுத்த துப்பாக்கி வைத்திருப்பவர்கள். நல்ல பையன்கள்தான், ‘அக்கா’ என்று மரியாதையாகவே பேசினார்கள். ஆனால் தடம் தேய்ந்துபோன இடத்தில் மூன்று பேரும் இவள் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

தலைமைத் தேர்வாளர் க்வாட்டிட்ஸோ. முப்பது வருஷம் வனத்துறையில் இருந்தவர். பேச்சைச் சில்லறை எண்ணுவதுபோல எண்ணித்தான் கொடுப்பார். முதல் நாளே துப்பாக்கிகளின் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டார்.

“பேப்பர்ல இருக்கற நம்பர்தான் கடைசி வரைக்கும். நடுவுல மாத்தக் கூடாது. இந்த வாரம் நான்தான் உங்க வாடிக்கையாளர். எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்கதான் என்னைக் காப்பாத்தணும். நான் சுட வேண்டி வந்துச்சுன்னா, நீங்க ஃபெயில்.”

செவ்வாய்க்கிழமை நமூங்காவின் முறை. மாவட்டக் கவுன்சில் அனுமதித்த ஆண் யானை ஒன்று. கறி சியாபுவா பக்கத்து ஊர்களுக்கு.

விடிந்ததும் தண்ணீர்க் குழி அருகே தடம் கிடைத்தது. குதிகால் பக்கம் வரிகள் தேய்ந்து வழுவழுவென்று இருந்தன. வயசான கொம்பன். மூன்று மணி நேரம் நடந்தார்கள். சாணத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள், உள்ளே சூடு இருந்தது. இடுப்பில் தொங்கிய சாம்பல் பையை ஒரு தட்டுத் தட்டினாள். சாம்பல் அவள் முகத்துக்கே வந்தது. நல்ல காற்று, மனித வாடை யானைக்குப் போகாது.

மிலிமோ நின்று, தன் காதைத் தொட்டுக் காட்டினான். அவளும் கேட்டாள். வயிறு உறுமுகிற சத்தம்.

மொப்பேன் மரங்களுக்கு நடுவில் யானை நின்றது, காதை மெதுவாக ஆட்டிக்கொண்டு. மிலிமோவைப் பின்னால் நிறுத்திவிட்டு நமூங்கா முன்னால் போனாள். க்வாட்டிட்ஸோ அவளுக்கு வலப்பக்கம் ஒரு கை தள்ளி வந்தார். முப்பது தப்படி. இருபத்தைந்து. இருபது. காலடியில் ஒரு சருகுகூட முனகவில்லை.

காற்று கொஞ்சம் சுழன்றது. யானை தலையைத் தூக்கியது, காதை விரித்தது, வந்தது.

பெரிய துப்பாக்கிக்காரர்களிடம் ஒரு பாடம் உண்டு. யானையின் ஒரு காதுத் துளையிலிருந்து மறு காதுத் துளைக்கு ஒரு விளக்குமாற்றுக் கட்டையைச் செருகியிருப்பதாக நினைத்துக்கொள், அந்தக் கட்டையைச் சுடு. தலை உயர்ந்தால் கட்டையும் சாயும், குறி இறங்க வேண்டும். நமூங்கா இறக்கினாள். போதுமான அளவு இறக்கவில்லை.

துப்பாக்கி அவளை ஓரடி பின்னால் தள்ளியது. யானை விழுந்தது. நிலம் அதிர்ந்து புழுதி எழும்பியது.

“சபாஷ்!” என்றார் க்வாட்டிட்ஸோ. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு அவளைக் கடந்து முன்னால் நடந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு புதர் இருந்தது, யானையின் கால்களை அவர் பார்க்கவில்லை. நமூங்கா பார்த்தாள். குண்டு மூளையில் பட்டால் பின்கால்கள்தான் முதலில் மடியும். இது முன்கால்களை மடக்கி விழுந்தது. சாகவில்லை. வெறும் மயக்கம். எழுந்துகொள்ளும்.

போல்ட்டை இழுத்தாள், தள்ளினாள், விசையை அழுத்தினாள்.

டிக்.

 புழுதிக்குள் தும்பிக்கை அசைந்தது. க்வாட்டிட்ஸோ அதற்கு எட்டுத் தப்படியில் இருந்தார். இன்னொரு முறை இழுத்தால் ஒருவேளை சரியாக வரும். ஒருவேளை வந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் தேறிவிடுவாள். ஒருவேளை வராவிட்டால்? நாலு வருஷத்தையும் நாலு தாளையும் ஒரு தட்டில் வைத்தாள், முன்னால் நடந்த மனிதரை மறு தட்டில் வைத்தாள். யோசிக்க அதற்கு மேல் நேரமில்லை.

“சார், அது சாகல! என் துப்பாக்கி காலி! நீங்க சுடுங்க!”

பழுத்த ஆள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யானை முன்கால்களை ஊன்றி எழும்போதே பக்கவாட்டில் ஒரு குண்டு வைத்தார். இந்த முறை அது எழவில்லை.

க்வாட்டிட்ஸோ தன் வெற்றுக்கூட்டைக் குனிந்து எடுத்தார். அப்புறம் அவர் சொன்னார்: “நான் சுட்டுட்டேன், நமூங்கா.”

“தெரியும் சார்.”

மிலிமோ மட்டும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டான். நமூங்காவுக்கு அழ வேண்டும்போல இருந்தது. ஆனால் அந்த இடத்தில் அழ அவளுக்கு வெட்கமாக இருந்தது. அவளைவிடப் பெரிய நஷ்டக்காரன் அங்கே தரையில் கிடந்தான். இரண்டு குண்டு வாங்க வேண்டிய யானை இல்லை அது. ஒன்றில் போயிருக்க வேண்டியது.

*

முகாமுக்குத் திரும்பியதும் க்வாட்டிட்ஸோ அவள் துப்பாக்கியைக் கேட்டு வாங்கினார். போல்ட்டைத் திறந்தார். வெற்றுக்கூடு உள்ளேயே உட்கார்ந்திருந்தது. துப்பாக்கியைத் தன் தோளில் வைத்துப் பார்த்தார்.

“எனக்கே நீளம். இப்ப நீ வை.”

அவள் வைத்தாள்.

“போல்ட்டைத் தொடு.”

கை விறைத்து நீண்டது. அவர் அவள் முழங்கையில் ஒரு விரலால் தட்டினார். கொடிக்கம்பம் மாதிரி நின்றது அது.

“போன ரெண்டு தடவையும் இதே துப்பாக்கியா?”

“ஆமா சார்.”

“தேர்வு வச்சவங்க ஒண்ணும் சொல்லலையா?”

“போல்ட்டை முழுசா இழுன்னு சொன்னாங்க.”

அவர் மூக்கால் ஒரு மூச்சு விட்டார். அது சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. “நானும் இன்னிக்கு ஒரு தப்பு பண்ணினேன். கால் எப்படி மடிஞ்சுதுன்னு பாக்காம விழுந்த யானைகிட்டப் போனேன். முப்பது வருஷம் இதை மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தவன். நீ கத்தலேன்னா இந்நேரம் என்னைப் பாயில சுருட்டியிருப்பாங்க.” தாளை எடுத்துப் பார்த்தார். “முடிவு எழுதுறது சனிக்கிழமை. கவுன்சில் குடுத்ததுல இன்னொரு யானை பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கிளம்புறோம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“ரொம்ப சந்தோஷப்படாதே. நம்பர் மாறக் கூடாது. அதே துப்பாக்கிதான்.” இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பினார். “கட்டை எவ்வளவு நீளம் இருக்கணும்னு சட்டத்துல எங்கயும் எழுதியிருக்கறதா எனக்கு ஞாபகம் இல்ல.”

*

மறுநாள் மதியம், சட்சாக் களியும் கப்பெண்டாக் கருவாடும் சாப்பிட்டு எல்லோரும் நிழலில் படுத்த பிறகு, நமூங்கா வண்டியின் கருவிப் பெட்டியிலிருந்து இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்துவந்தாள். துப்பாக்கியின் அடியில் இருந்த ரப்பர் திண்டைத் திருகாணி கழற்றித் தனியே வைத்தாள். முழங்கை மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை ஒரு குச்சியால் அளந்தாள். அந்தக் குச்சியை விசையிலிருந்து கட்டையின் மேல் வைத்தாள். சரியாக இரண்டு விரற்கடை மிஞ்சியது. நாலு வருஷமாக அவள் சொன்ன கணக்கு.

மிலிமோ ஓடிவந்தான். “பினா லோரா, வேணாம். உனக்குப் பைத்தியமா? ஹானஸ் ஐயா நம்ம ரெண்டு பேரையும் சுட்டுடுவாரு.”

“எதை வச்சுச் சுடுவாரு? துப்பாக்கி இங்கதானே இருக்கு.”

“விளையாடாதே. ரேடியோல ஒரு வார்த்தை கேட்டுடு.”

“கேட்டா வேணாம்பாரு. வேணாம்னு சொன்னப்புறம் அறுத்தா அது திருட்டு. கேக்காம அறுத்தா வெறும் தப்பு.”

“நாலு வருஷமா வேணாம்னுதானே சொல்றாரு?”

“அது பழைய வேணாம். ஆறிப்போச்சு.”

“வேலை போயிடும், பினா லோரா.”

“போகட்டும்” என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. புருஷன் கரீபா ஏரியில் மீன்படகில் இருந்தான், மாதக்கணக்கில் வரமாட்டான். லோரா பிங்காவில் படித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் ஹானஸ் வேண்டாம் என்று சொன்னவளை வேறு யாரும் எடுக்கப்போவதில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டையைச் சுற்றி ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றினாள், மரம் சிலும்பாமல் இருக்க. “வந்து புடி. நீ புடிக்கலேன்னா கோணலாப் போகும். கோணலாப் போனா ரெண்டு பேருக்குமே கேவலம்.”

மிலிமோ ஆகாயத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, உட்கார்ந்து பிடித்தான். “நான் புடிக்கத்தான் செஞ்சேன். அறுத்தது நீ. கேட்டா அப்படித்தான் சொல்லுவேன்.”

“சொல்லு, சொல்லு.”

முதல் இழுப்பிலேயே ரம்பம் மரத்தில் இறங்கியது. பழைய வால்நட் மரம், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த மரம். உள்ளே மட்டும் புதிதாக, தேன் நிறத்தில் இருந்தது. ஒரு நல்ல பொருளை அறுக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது, உண்மைதான். அதற்காகக் கை நிற்கவில்லை. பத்து நிமிஷத்தில் துண்டு தனியே விழுந்தது. அரத்தால் விளிம்பைத் தேய்த்து, திண்டைத் திரும்ப முடுக்கினாள். திண்டு கொஞ்சம் பெரிதாகிப்போய்ச் சுற்றிலும் துருத்திக்கொண்டு நின்றது.

தோளில் வைத்தாள். முழங்கை மடிந்தே இருந்தது. போல்ட் அதன் கடைசி வரைக்கும் போய் நின்று, ணங் என்றது. நாலு வருஷத்தில் அவள் அப்படி ஒரு சத்தத்தை அந்தத் துப்பாக்கியிலிருந்து கேட்டதில்லை. அன்று சாயங்காலத்துக்குள் முந்நூறு முறை இழுத்தாள். மிலிமோ சளியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

வியாழக்கிழமை மதியம் ஹானஸின் வண்டி வந்தது. நமூங்கா தவறிவிட்டாள் என்று ரேடியோவில் கேள்விப்பட்டு, அவளையும் துப்பாக்கியையும் கூட்டிப்போக வந்திருந்தார். வரும்போதே ஆறுதல் வார்த்தைகளைத் தயார் செய்துகொண்டு வந்திருக்க வேண்டும், முகம் அவ்வளவு கனிந்திருந்தது. துப்பாக்கியைக் கையில் வாங்கினதும் கனிவெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது.

“என்ன பண்ணினே?”

“அறுத்தேன் ஐயா.”

“யாரைக் கேட்டு?”

“உங்களைத்தான். நாலு வருஷமா.”

அவர் கழுத்தெல்லாம் சிவந்தது. “இது என் அப்பாவோடதுன்னு உனக்குத் தெரியாது? அவரு கையில நாப்பது வருஷம் இருந்துச்சு. அவரு தோள்…”

“உங்க அப்பா செத்துட்டாரு ஐயா.” அவள் குரல் உயரவில்லை. “செவ்வாய்க்கிழமை அந்த யானை முன்னாடி நின்னது நான். அவரு தோளை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சுடுறது?”

 ஹானஸ் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நேராக அவர் மூக்கில் போய் இடித்தது. சுட்டால் மூக்கு உடையும். எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி இடித்தது. அந்தத் துப்பாக்கி இனிமேல் அவருக்கு ஆகாது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவருக்கும்தான்.

“நாளைக்கும் நீ தவறினேன்னா,” என்றார், “திங்கக்கிழமை வேலைக்கு வராதே.”

“தேறினாலும் வரமாட்டேன் ஐயா. தடம் பாக்க வரமாட்டேன். வேட்டைக்காரின்னு கூப்பிட்டா வர்றேன்.”

 ஹானஸ் துப்பாக்கியை அவள் கையிலேயே கொடுத்தார். தரையில் மரத்தூளுக்கு நடுவே கிடந்த துண்டைக் குனிந்து எடுத்தார், ஊதினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டிக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார். ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை.

*

வெள்ளிக்கிழமை யானை ஜெஸ்ஸிப் புதருக்குள் இருந்தது. நாலடிக்கு மேல் எதுவும் தெரியாத இடம். நமூங்கா வெளியிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“உள்ள போகலையா?” என்று க்வாட்டிட்ஸோ கேட்டார். வாடிக்கையாளர்கள் கேட்கிற மாதிரியே, அவசரக் குரலில்.

“இல்ல சார்.”

“எனக்கு நேரம் இல்ல. இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.”

“நேரம் இல்லேன்னா திரும்பிப் போலாம் சார். உள்ள போகமாட்டோம். தண்ணிக்கு அது தானா வெளிய வரும்.”

அவரும் உட்கார்ந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. வெயில் ஏறியது, கொசு மொய்த்தது. சாம்பல் பையை நாலு முறை தட்டினாள், இரண்டு முறை இடம் மாறினார்கள். கடைசியில் புதர் விலகியது. கொம்பன் வெளியே வந்தது, பதினைந்து தப்படியில், பக்கவாட்டில். அவர்களைப் பார்த்தது. திரும்பி நேராக நின்று தலையைத் தூக்கியது.

விளக்குமாற்றுக் கட்டை. இன்னும் கீழே. இன்னும் கொஞ்சம்.

சுட்டாள். யானையின் தலை மேலே துள்ளியது, பின்கால்கள் மடிந்தன. அவள் கை அதற்குள் வேலையை முடித்திருந்தது. வெற்றுக்கூடு தெறித்து, வலப்பக்கம் நின்ற க்வாட்டிட்ஸோவின் நெஞ்சில் சுடச்சுட விழுந்தது. “அம்மா!” என்றார் தலைமைத் தேர்வாளர். விழுந்த யானையில் இரண்டாவது குண்டையும் வைத்தாள், விதி அதுதான். மறுபடியும் போல்ட்டை இழுத்தாள். மூன்றாவது உள்ளே ஏறிய பிறகுதான் மூச்சு விட்டாள்.

“இங்கயே நில்லுங்க சார்” என்றாள். தனியாகப் பின்பக்கமாகச் சுற்றிப் போனாள். குழல் முனையால் அதன் கண்ணைத் தொட்டாள். இமை அசையவில்லை.

அங்கேதான் அழுதாள். யானைக்காகக் கொஞ்சம், சியாங்வாசியின் காலுக்காகக் கொஞ்சம், நாலு வருஷத்துக்காக நிறைய. யாரும் பக்கத்தில் வரவில்லை. அவள் முடிக்கும்வரை மிலிமோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

க்வாட்டிட்ஸோ தாளை யானையின் வயிற்றின்மேல் வைத்தே முடிவை எழுதினார். சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. அவர் துப்பாக்கி இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு ஹானஸின் வண்டி வந்தது. அதற்குப் பின்னாலேயே தட்டும் பாத்திரமும் கத்தியுமாக ஊர்ச் சனம். ஹானஸ் இறங்கி, விழுந்து கிடந்த யானையின் பின்கால்களைப் பார்த்தார், நெற்றியில் இருந்த துளையைப் பார்த்தார். துளை எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தது. தொப்பியைக் கழற்றினார். யானைக்காகவா அவளுக்காகவா என்று அவர் சொல்லவில்லை.

பெண்களுக்குத் தலைவியாக வந்தவள் உயரமானவள், ஊருக்கே கேட்க உரக்கப் பேசுகிறவள். வேட்டைக்காரருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, கைகுவித்துத் தட்டி நன்றி சொல்வது இந்தப் பக்கத்து முறை. அவள் நேராக ஹானஸ் முன்னால் போய்க் குந்தினாள். ஹானஸ் தலையை ஆட்டினார். எழுந்து க்வாட்டிட்ஸோவிடம் போனாள். அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, “நான் இல்லம்மா” என்றார். மிலிமோவைப் பார்த்தாள். அவன் பல்லைக் காட்டிக்கொண்டு மோவாயால் சுட்டினான்.

அவள் நமூங்காவை உச்சி முதல் பாதம் வரை அளந்தாள். “நீயா? இத்துனூண்டு இருக்கே!”

“நான்தான்.”

“தடம் பாத்தது யாரு?”

“அதுவும் நான்தான்.”

“ரெண்டையும் ஒருத்தியே செஞ்சா இந்த ஆம்பளைங்க எல்லாம் எதுக்கு வந்தாங்க?”

“கறி தூக்க” என்றாள் நமூங்கா.

பெண்கள் கூட்டம் முழுக்கச் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் தலைவி அவள் முன்னால் குந்தினாள். கையைக் குவித்து, மெதுவாக, ஆழமான சத்தத்தோடு தட்டினாள். அவளுக்குப் பின்னால் இருந்த அத்தனை பெண்களும் குந்தித் தட்டினார்கள்.

பதிமூன்று வருஷமாக இப்படித் தட்டுவதை நமூங்கா தள்ளி நின்றுதான் பார்த்திருக்கிறாள். தட்டினவர்களுக்குத் திரும்பத் தட்ட வேண்டும், அதுதான் மரியாதை. இரண்டு கையிலும் துப்பாக்கி இருந்தது. தோட்டாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைப் பக்கவாட்டில் நீட்டினாள். மிலிமோ வாங்கத்தான் வந்தான், அதற்குள் ஹானஸ் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவள் முடிக்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் நின்றார்.